படுக்கையறை ஒன்று

விளம்பரத்தில் நான் போட்டது இவ்வளவுதான்:
சண்டைக்கு முந்திய கட்டடம், மேல்மாடி,
படுக்கையறை ஒன்று, குளியலறை ஒன்று,
லூனாஸ் பெரிய சாலை, கூட்டுறவுச் சங்கத்து வீடு,
விலை பேசலாம்.

போடாமல் விட்டது:
கீழே வாத்து சுடுகிறார்கள்.
காலை எட்டுக்கெல்லாம் பலகை இடுக்கில் புகை ஏறித்
தலையணை உறையில் தங்கிவிடும்.
ஞாயிறானால் பினாங்குக் கார்கள் வாசலை மறிக்கும்.
இருபத்தேழு படி.
கைப்பிடி இருபதாவதோடு முடிந்துபோகும்.

ஊர்ப் பெயருக்கு மலாயில் அர்த்தம்
கடன் தீர்ந்தது என்பது.
பதினொரு வருஷமாக இங்கே வீடு விற்கிறேன்,
தீர்ந்த ஆளை இன்னும் பார்க்கவில்லை.

விற்பவர் நவநீதம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
தோட்டத்தைத் துண்டுபோட்டபோது கிடைத்த பணத்தில்
சங்கப் பங்கு வாங்கி மாடியேறியவர்.
இப்போது முழங்கால் இரண்டும்
படிக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டன.
"சுவரு நமக்கில்ல தம்பி, பங்குதான்.
வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லிடு."
சொல்லிவிடுவேன்.
அதைக் கேட்டபிறகுதான் எல்லாரும் படியிறங்குவார்கள்.

புதுத் தம்பதி வந்தது: "பிள்ள பொறந்தா எங்க போடறது?"
டாக்டர் ஒருவர், சுற்றுலாக்காரர்களுக்கு விடலாமா என்றார்;
விதி பதினான்கு, உள்வாடகை கூடாது.
சாமி மேடைக்குக் கிழக்குச் சுவர் இல்லையே என்று
காம்பசோடு வந்தவர் காம்பசோடு போனார்.

அப்புறம் பவளக்கொடி.
கூலிம் கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட் சூப்பர்வைசர்.
கடைசிவரை ஹெல்மெட்டைக் கீழே வைக்கவே இல்லை.
தண்ணீர் வருமா, ஒழுகுமா, ஒன்றும் கேட்கவில்லை.
படுக்கையறைக் கதவை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்,
முப்பத்தாறாம் வருஷத்துப் பித்தளை.
நான் கூடத்தில் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நின்றேன்,
வெகுநேரம்.

கூடத்துப் பலகையில் ஒரு மூடி உண்டு, ஒரு சாண்.
தூக்கினால் கீழே அஞ்சடி நடைபாதை,
கதவைத் தட்டுகிறவரின் உச்சந்தலை.
யாரோ வட்டிக்கடைக்காரர் பயந்து வைத்தது.
"கீழ போய்த் தட்டுங்க," என்றாள்.

தட்டினேன்.
பதில் இல்லை.
வாத்துக்கடைத் தவுக்கே ஆ லெங்
வெட்டுக்கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
இன்னொரு தட்டு.
"யாரு?"
"நான்தாம்மா, வீடு விக்கிறவன்."
"நடு மண்டையில முடி கொட்டுது உங்களுக்கு,"
என்றது துளை.
பிறகு ஒரு சிரிப்பு, சின்னதாக,
பழக்கம் விட்டுப்போன மாதிரி.

சங்கக் கூட்டம். ஏழு பேர், ஒரு டின் மேரி பிஸ்கட்.
"கூட யாரு இருப்பாங்க?"
"யாரும் இல்ல."
"வீட்டுக்காரர்?"
"அவருக்கு வீடு இருக்கு."
பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்,
மிச்சம் அதில் எழுதியிருப்பதுபோல.
"தனியா பொம்பள... ராத்திரி வேல..."
"ஒரு ரூம்தானே விக்கிறீங்க," என்றாள்.
"எனக்கு எண்ணத் தெரியும்."

நாலுக்கு மூன்று.
பங்கு கைமாறும்வரை நவநீதமும் கமிட்டிதான்;
அந்த நாலாவது கை
உட்கார்ந்தபடியே உயர்ந்தது, முதலாவதாக.

சாவி மூன்று.
ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும், விதி ஒன்பது.
மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.
பூட்டை மாற்றவில்லை.
தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள்.

ஒரு கையெழுத்து பாக்கியிருந்தது. போன மாதம்
பகல் இரண்டு மணிக்குப் போய்த் தட்டினேன்,
அவள் தூங்கும் நேரம் என்பதை மறந்து.
தலைக்குமேல் மூடி நகர்ந்தது.
தொப்பியைக் கழற்றி
அண்ணாந்து முகத்தைக் காட்டினேன்.
வாத்துப் புகை கண்ணில் எரிந்தது.
இருட்டு, அதில் ஒரு கண்.
அப்படியே நின்றேன்.
எனக்கென்ன அவசரம்.